சிற்றவ்வை மகன் வைத்த பாக்கி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களும் உண்டு, சுவரைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. சுவர் பார்க்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: குடவோலை எங்கே எழுதியிருக்கிறது? பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் வந்த குடம் அது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டார்கள், ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்மூரில் தேர்தல் நடந்தது. அவ்வளவுதான் கதை. நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கூட்டம் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்துவிடும்.

அந்தச் சுவரைப் பொறுமையாகப் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது. குடத்துக்குக் கொடுத்த இடத்துக்குச் சற்றும் குறையாமல், குடத்துக்குள் யார் பெயர் போகக்கூடாது என்பதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாதவர் பட்டியலின் தலையில் நிற்பவன் கொலைகாரனோ திருடனோ இல்லை. முன்னொரு காலத்தில் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன்.

ஊர் நிர்வாகம் என்ற சலிப்பூட்டும் வேலையை, அதாவது ஏரியில் வண்டல் எடுப்பது, தோட்டம் பார்ப்பது, பொன்னை உரைத்துப் பார்ப்பது, செலவுக்குக் கணக்கெழுதுவது போன்ற வேலைகளை, யாரிடம் ஒப்படைப்பது என்ற கவலையில் வெட்டப்பட்ட கல்வெட்டு அது. குடம் அந்தக் கவலைக்குக் கண்டுபிடித்த ஒரு வழி.

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது உத்திரமேரூர். 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயமாக எழுந்த ஊர். கல்வெட்டுகளில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பல்லவர் போய்ச் சோழர் வந்த பிறகும் ஊரின் மகாசபை தன்பாட்டுக்குக் கூடிக்கொண்டும் தீர்மானம் போட்டுக்கொண்டும் இருந்தது. முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-ல், வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று ஒரு வியவஸ்தை, அதாவது ஏற்பாடு, செய்தார்கள். அரசன் சார்பில் தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி உடனிருந்தான். இரண்டே வருஷம் கழித்து, 921-ல், அதே விஷயத்துக்கு இன்னொரு வியவஸ்தை. இந்த முறை வந்து உட்கார்ந்தவன் சோழநாட்டு ஸ்ரீவங்கநகரைச் சேர்ந்த சோமாசிப் பெருமாள்.

இரண்டு வருஷத்துக்குள் விதியை ஏன் திருத்தினார்கள்? முதல் கல்வெட்டில் வாரியத்துக்கு வர வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். மற்ற நிபந்தனைகளும் இரண்டாவதில் விரிந்து, இறுகி நிற்கின்றன. முதல் வருஷத்து ஆட்களை வைத்து ஊர் எதையோ பட்டுத் தெரிந்துகொண்டது என்றுதான் படிக்கிறவனுக்குத் தோன்றும். 921-ஆம் வருஷத்து ஏற்பாட்டின் நோக்கம், தீயவர்கள் அழிந்து நல்லவர்கள் தழைக்க வேண்டும் என்பது. சும்மா இருக்கிற ஊரில் இப்படி ஒரு வாசகத்தைக் கல்லில் வெட்ட மாட்டார்கள்.

ஊர் முப்பது குடும்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய பேச்சில் வார்டு. குடும்புக்கு ஒருவர் வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், வேதமும் சாஸ்திரமும் தெரிந்திருக்க வேண்டும், காரியத்தில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், சம்பாத்தியம் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று சின்னச் சலுகை. கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது.

இதற்குப் பிறகு வருகிறது ஆகாதவர் பட்டியல். கணக்குக் காட்டாதவன் மட்டும் விலக்கப்பட்டிருந்தால் அது சாதாரண விதி. அவனுடைய சொந்தபந்தத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டதில்தான் அந்தச் சபையின் அனுபவம் தெரிகிறது. அவனுடைய சிற்றவ்வை, பேரவ்வை மக்கள். அத்தை, மாமன் மக்கள். தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், கூடப்பிறந்தவன். பெண் கொடுத்த மாமன், பெண்டாட்டியின் சகோதரன், தங்கையைக் கட்டியவன், தங்கை மக்கள், மருமகன், தகப்பன், மகன். சின்னம்மா, பெரியம்மாவைத்தான் அந்தக் காலத்துப் பேச்சில் சிற்றவ்வை, பேரவ்வை என்றிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் இடம்பெறும் அத்தனை உறவும் இந்தப் பட்டியலில் வந்துவிடுகிறது. பணத்தை எடுத்தவன் ஒதுங்கிக்கொண்டு மச்சானை நிறுத்துவான், மச்சான் மாட்டிக்கொண்டால் மருமகன் வருவான் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்ன?

பிறகுதான் மகாபாதகங்கள், பிறர் பொருளைக் கவர்ந்தது, கள்ள ஓலை எழுதியது, கழுதை மேல் ஏற்றப்பட்டது எல்லாம். கழுதை என்பது தண்டனை ஊர்வலம். குற்றம் செய்தவனை அதன் மேல் உட்காரவைத்து ஊரைச் சுற்றுவது. அப்படி ஒருமுறை சுற்றி வந்தவனுக்கு வாரியத்தில் இடமில்லை.

இப்படி வடிகட்டி மிஞ்சிய பெயர்கள்தான் குடத்துக்குப் போகும். குடும்பு குடும்பாக ஓலையைக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் மேலே வாயோலை ஒன்று சேர்த்து, மொத்தமாகக் குடத்தில் இடுவார்கள். பாலர் முதல் முதியவர் வரை சபை கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் எல்லோர் கண்ணிலும் படும்படி குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். விவரம் தெரியாத ஒரு பையன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். மறுபடி பையன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரிய வைத்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருந்தால் அங்கேயே கீழே விழும். அவன் வாசித்த பிறகு, மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னவர்கள், விரலை மடக்கிய யாரையோ ஒருமுறை பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஓலையும் குடமும் உத்திரமேரூரின் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. சங்க இலக்கியத்திலேயே குடவோலை வருகிறது, அதுவும் எதிர்பாராத இடத்தில். அகநானூற்றில் மருதன் இளநாகனார் பாடிய 77-ஆம் பாட்டு பாலை வழியின் கொடுமையைச் சொல்கிறது. போரில் செத்துக் கிடப்பவனின் குடலைக் கழுகு உருவி இழுப்பதற்கு அவர் சொல்லும் உவமை, கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையை உடைத்து ஓலையை எடுக்கும் ஆவண மாக்கள். தேர்தல் அதிகாரிக்குத் தமிழில் கிடைத்த முதல் சித்திரம் அதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உத்திரமேரூரில் நடந்தது வாக்கெடுப்பு அல்ல, திருவுளச்சீட்டு. யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. பெயர் எழுதப்படும் தகுதியும் நிலமுள்ள, வேதம் படித்த பிராமண ஆண்களுக்கு மட்டும். அந்த நிலத்தை உழுதவர்கள், ஏரியில் மண் சுமந்தவர்கள், பெண்கள் யாருக்கும் குடத்தில் இடமில்லை. பிரமதேயமல்லாத வெள்ளான்வகைக் கிராமங்களில் ஊர் என்ற பெயரில் வேறு சபை உண்டு, வணிகர்களுக்கு நகரம் என்ற சபை உண்டு. அவை தங்கள் விதிகளை இவ்வளவு விரிவாகக் கல்லில் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தவர்கள் பெயரால்தான் சரித்திரம் பேசுகிறது.

எடுத்த முப்பது ஓலையில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம். ஊரின் வருஷாந்தரக் காரியங்களை மேற்பார்க்கிற பெரிய வாரியம் என்பதால், ஏற்கனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவர்கள், படிப்பிலும் வயதிலும் மூத்தவர்கள் இதற்கு. அடுத்த பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். மிச்சம் ஆறு பேர் ஏரி வாரியம். இதே முறையில் தனியாக எடுத்த பன்னிரண்டு பேரில் ஆறு பேர் பொன் வாரியம், ஆறு பேர் பஞ்சவார வாரியம். பஞ்சவாரம் என்றால் என்ன என்பதில் கல்வெட்டு அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே வெளியே.

பொன் வாரியத்துக்கு என்ன வேலை? வரியும் கொடையும் விலையும் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் ஓடிய காலம் அது. ஒருவன் கொண்டுவரும் பொன் என்ன மாற்று என்று யாராவது சொல்லியாக வேண்டும். உத்திரமேரூரின் வேறொரு கல்வெட்டு பொன் காண்பவர்களுக்கு விதி சொல்கிறது. வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காமல் எல்லோர் பொன்னையும் ஒரே மாதிரி உரைக்க வேண்டும். உரைகல்லில் ஒட்டும் பொன்துகளை மெழுகில் ஒற்றி எடுத்து, அந்த மெழுகை ஏரி வாரியத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். நகைக்கடையிலும் பட்டறையிலும் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். தரையைக் கூட்டிய குப்பையைக்கூட விலைக்கு விற்கிற தொழில் அது. அந்தத் துகளையும் விடாமல் ஏரிக் கணக்கில் சேர்த்த சபை, எங்கே கசிவு வரும் என்று தெரிந்த சபை.

ஏரிக்குப் பெயர் வயிரமேகத் தடாகம். வயிரமேகன் என்பது தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். செங்கல்பட்டுச் சீமையில் வற்றாத ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழையை ஏரியில் பிடித்து வைத்தால்தான் நெல். மழைத்தண்ணீரோடு வண்டலும் வரும். வருஷாவருஷம் குழி வெட்டி, அந்த மண்ணைக் கரையில் கொட்டாவிட்டால் ஏரி மேடாகிவிடும். இது கடைசிவரை தீராத வேலை, புகழ் கிடைக்காத வேலை. ஆகவே பொன்னாகவும் நிலமாகவும் அறக்கட்டளை வைத்தார்கள். முதலைத் தொடாமல் அதன் வட்டியில் மண் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதலைச் சபை வாங்கி வைத்துக்கொள்ளும். ஊர்ப் பணம் இப்படிச் சில பேர் கையில் இருக்கிறபோது கணக்கு என்பது சாதாரணச் சொல் இல்லை.

கணக்கனுக்கு 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டு தனியாக விதி வைத்திருக்கிறது. நேர்மையான வழியில் பொருள் தேடியவனைத்தான் கணக்கெழுத வைக்க வேண்டும். எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, சுத்தன் என்று பெயர் வாங்காதவரை அவன் மறுபடி கணக்கெழுத வர முடியாது. எழுதியவனேதான் வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் உள்ளே புகுந்து அதை முடித்து வைக்கக் கூடாது. 'அது எனக்கு முன்னால் இருந்தவர் காலத்து விவகாரம்' என்ற பதில் அரசு அலுவலகங்களில் எத்தனை பழையது என்று இந்த ஒரு விதியிலிருந்து ஊகிக்கலாம்.

கல்வெட்டின் முடிவில் ஒரு பெயர் இருக்கிறது. சபைப் பெருமக்கள் பணிக்க இந்த வியவஸ்தையை எழுதியவன் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன். தீர்மானம் போட்ட பெருமக்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. மினிட் புத்தகம் எழுதியவன் பெயர் தெரிகிறது.

கூட்டத்தில் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் விதி இருந்தது. அது உத்திரமேரூரில் இல்லை. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மானூரில், இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், சுமார் 800-ல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில். சபைக்கு எந்தப் பொருள் வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் கூட்டத்தை நடத்தவிடாமல் செய்கிறவனுக்கும் அவனுக்குத் துணை நிற்கிறவனுக்கும் ஐந்து காசு தண்டம் என்று அந்தச் சபை எழுதி வைத்தது. எதிர்த்துப் பேசவே கூடாது என்பது அல்ல இதன் பொருள். எல்லாவற்றையும் எதிர்ப்பதையே தொழிலாக வைத்திருந்த யாரோ ஒரு மானூர்க்காரர் இந்த விதிக்குக் காரணமாக இருந்திருக்கக் கூடும்.

சோழப் பேரரசுக்குப் பிறகு மகாசபைகள் மங்கின. வாரியங்கள் போயின. ஆனால் ஏரியும் கணக்கும் போகவில்லை, கை மாறின. 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரில் தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். சுமார் 2,000 கிராமங்கள். அதற்கு அடிப்படையாக இருந்தவை ஊர்க் கணக்குப்பிள்ளைமாரின் ஓலைக் கணக்குகள். களத்தில் நெல் குவிந்ததும் யாருக்கு என்ன பங்கு என்று அவை சொல்கின்றன. தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், தலையாரி, வெட்டியான், கணக்குப்பிள்ளை, கோயில் ஆகிய எல்லாருக்கும் மேரை என்ற பங்கை அளந்த பிறகுதான் மற்றப் பங்கீடு. அந்தப் பட்டியலில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. ஏரியும் ஊரின் குடிகளில் ஒன்று போலக் களத்தில் வந்து நெல் வாங்கிக்கொண்டு போனது.

கம்பெனி ஆட்சி நிலவரியைப் பெருக்கிய வேகத்தில் இந்த மேரைகள் சுருங்கின. ஏரிக்குச் செலவு செய்ய ஊர் கையில் பொருள் இல்லை, கம்பெனிக்கோ மனமில்லை. 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் விதிவிலக்கு. உத்திரமேரூருக்குப் பக்கத்திலிருக்கும் மதுராந்தகம் ஏரியின் கரையை அவர் கட்டிய கதையைத்தான் ஏரி காத்த ராமர் கோயிலில் இன்றும் சொல்கிறார்கள். பிறகு மராமத்துக்கு என்று ஓர் இலாகா வந்தது. 1858-ல் கரை உடைந்தால் குடிகள் வந்து வேலை செய்தாக வேண்டும் என்று கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, குடிகளே ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். பெரிதாகப் பலிக்கவில்லை. களத்தில் ஏரிக்கு நெல் அளந்தவரை வந்த ஆள், சட்டத்துக்கு வரவில்லை.

இதே காலத்தில் வேறொரு பக்கமிருந்து புது உள்ளாட்சி முளைத்தது. இதற்கு ஏரி அடிப்படை இல்லை, தெருவும் சாக்கடையும்தான். 1865-ல் சென்னை மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்து, அடுத்த வருஷமே காஞ்சிபுரம் நகராட்சியானது. வீட்டுக்கு வரி, வண்டிக்கு வரி என்றதும் மக்கள் முகம் சுளித்தார்கள். 1882-ல் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றித் தீர்மானம் வெளியிட்டார். அதையொட்டி வந்த 1884-ஆம் வருஷத்துச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்குக் கீழே சின்ன ஊர்களுக்கு யூனியன் என்று மூன்று படி வைத்தது. யூனியனின் வருமானம் முக்கியமாக வீட்டு வரி. அதை வைத்துத் தெருவைக் கூட்ட வேண்டும், விளக்குப் போட வேண்டும், கிணற்றைச் சுத்தமாக வைக்க வேண்டும். இன்றைய பேரூராட்சிக்கு இதுதான் பாட்டன் வீடு. உத்திரமேரூர் மகாசபை அல்ல.

சுவரில் இருந்த பழைய சபை திரும்பிப் பேச வந்ததும் அந்த நாட்களில்தான். 1898-ல் கல்வெட்டுத் துறையினர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். வி. வெங்கய்யா பராந்தகனின் இரண்டு சாசனங்களையும் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். 1932-ல் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் நிர்வாகம் பற்றிய தமது நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். சுயராஜ்யம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. 'உங்களுக்கு ஆளத் தெரியுமா?' என்று கேட்டவனுக்குக் காட்ட ஒரு சுவர் கிடைத்தது என்றால் விடுவார்களா? குடம் கொடி போல உயர்ந்தது. கணக்கு பின்னுக்குப் போனது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கே. சந்தானம் கொண்டுவந்தார். இப்போது அரசியல் சாசனத்தின் 40-வது பிரிவு அது. அன்றைய விவாதத்தில் டி. பிரகாசம் எழுந்து உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடத்தையும் எடுத்துச் சொன்னார். 2020 டிசம்பர் 10-ஆம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் நரேந்திர மோடியும் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். டெல்லிவரை போன புகழ்தான். ஆனாலும் ஏரி வாரியத்து ஆறு பேர் அங்கே போய்ச் சேரவில்லை.

உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 25 ஆயிரத்துச் சொச்சம் பேர். அன்றைக்கு முப்பது குடும்பு, இன்றைக்குப் பதினெட்டு வார்டு. பேரூராட்சி என்ற வகை சட்டத்தில் பட்ட பாடு தனிக்கதை. 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் ஐயாயிரம் ஜனத்தொகையும் பத்தாயிரம் ரூபாய் ஆண்டு வருமானமும் உள்ள ஊர்களை டவுன் பஞ்சாயத்து என்றது. 1981-ல் தனி இயக்குநரகம் வந்தது. 2004-ல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றினார்கள். 2006-ல் மறுபடி பேரூராட்சிகள் ஆயின. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு இரண்டு முறை வேலை.

எந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நடந்தாலும் மன்றக் கூட்டம் ஒரே மாதிரிதான் நடக்கும். முன்கூட்டியே அஜெண்டா சுற்றுக்கு வரும். பொருள் எண் ஒன்று, சென்ற மாத வரவு செலவு. அடுத்தது பிறப்பு இறப்புப் பதிவு. அப்புறம் குடிநீர் மோட்டார் பழுது, தெருவிளக்குக்கு வாங்கிய சாமான், பிளீச்சிங் பவுடர், குப்பை வண்டிக்கு டயர், டெண்டரில் குறைந்த புள்ளி கொடுத்தவர் யார் என்ற விவரம். ஒவ்வொரு பொருளின் முடிவிலும் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்' என்ற வாசகம். கீழே தீர்மானம்: 'அனுமதிக்கப்பட்டது.' உறுப்பினர்கள் தங்கள் வார்டில் தண்ணீர் வரவில்லை என்பார்கள், செயல் அலுவலர் குறித்துக்கொள்வார், டீயும் மிக்சரும் வரும். மினிட் புத்தகத்தில் கையெழுத்து. கல்லில் வெட்ட வேண்டிய அவசியம் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அந்த அஜெண்டாவில் ஏரி கிடையாது. நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள ஏரிகள் அரசின் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அதற்குக் கீழே இருப்பவற்றை ஊராட்சி ஒன்றியங்கள் பார்க்கின்றன. பல்லவர் வெட்டிய அந்தப் பேரேரியின் மதகுக் கதவைச் சரிசெய்யச் சொல்லிப் பேரூராட்சி கடிதம்தான் எழுதலாம். 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரையே வைத்துத் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியது. தொடக்க விழா நடந்த மணிமங்கலமும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்தான். பாசனதாரர்களைச் சேர்த்துக்கொண்டு தூர் வார வேண்டும் என்பது ஏற்பாடு. வண்டலை எடுத்து யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை லோடு போனது என்ற பேச்சு தமிழ்நாட்டு டீக்கடைகளில் வெகுகாலம் ஓடியது. உரைகல் மெழுகைக்கூடக் கணக்கில் சேர்த்த ஊரின் பக்கத்தில் அந்தப் பேச்சு எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கணக்குப்பிள்ளைக்கும் ஒரு முடிவு வந்தது. கர்ணம், மணியக்காரர் என்று பரம்பரையாக வந்த கிராம அதிகாரிகளின் பதவிகளை 1980 நவம்பர் 14-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. பரம்பரை போய்ப் பரீட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய கர்ணங்களில் சிலர் கணக்கு நோட்டுகளை ஒப்படைக்க இழுத்தடித்ததைக் கிராமங்களில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். எழுதியவனே வந்து காட்ட வேண்டும் என்ற விதி, ஆயிரம் வருஷம் கழித்தும் ஊர்களுக்குத் தேவைப்பட்டது.

360 நாளில் வாரியம் மாற வேண்டும் என்றது கல்வெட்டு. நம் காலத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் 1970-க்கு அடுத்து நடந்தது 1986-ல். அதற்கு அடுத்தது 1996-ல். 1993-ல் நடப்புக்கு வந்த அரசியல் சாசனத் திருத்தங்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று கட்டாயப்படுத்திய பிறகும், 2016 அக்டோபரில் முடிந்த பேரூராட்சி மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. இடையில் தனி அலுவலர்கள். அந்த ஐந்து வருஷமும் பிளீச்சிங் பவுடர் வாங்கப்பட்டது, டயர் மாற்றப்பட்டது, 'பார்வைக்கும் முடிவிற்கும்' வைக்க எதிரில் மன்றம்தான் இல்லை.

2022-ல் 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் அறிவித்தபோது வேட்புமனு வாங்கியது ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. உள்ளாட்சிக்கு வரிப் பாக்கி வைத்திருப்பவர் போட்டியிட முடியாது என்பது இன்றைய சட்டம். ஆகவே அந்த வாரத்தில் ஊருக்கு ஊர் வரி வசூல் கவுன்டரில் அதிசயமான கூட்டம். வருஷக்கணக்காகப் பில் கலெக்டர் கண்ணில் படாத புள்ளிகள் வெள்ளை வேட்டியில் வரிசையில் நின்றார்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை எல்லாவற்றையும் கட்டி, ரசீதைச் சட்டைப்பையில் வைத்து, நிலுவையில்லாச் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கவுன்டரில் இருப்பவர் அசெஸ்மென்ட் நம்பரைக் கேட்பார், கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார், பாக்கி இல்லை என்றால் சீல் வைத்துக் கொடுப்பார். சிற்றவ்வை மகன் வைத்த பாக்கியைப் பற்றி அவர் எதுவும் கேட்க மாட்டார்.